வெண்டைக்குச் சனிக்கிழமை தெரியாது

சனிக்கிழமை, காலை 6.45. காய்கறித் தோட்டத்தில் தொண்டு வேலைக்குப் போகும் வேனில் 11 பேர், எல்லாரும் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகள். பசியாறாமல் வந்தவர்களுக்கு வழியில் நாசி லெமாக் பொட்டலம் வாங்கினோம். துறைமுகச் சாலையில் எண்ணெய் லாரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டிச் செம்பனைக்குள் திரும்பினால், மின்கம்பிக் கோபுரங்களின் அடியில் 2 ஏக்கரில் வெண்டை, பயற்றங்காய், கங்கோங்.

*

எங்கள் ஊர் பாசிர் கூடாங். மலாயில் பாசிர் என்றால் மணல். கூடாங் நம்முடைய கிடங்கிலிருந்து போன சொல் என்பார்கள். ஊர்ப்பெயரில் விளைச்சலே இல்லையே என்று வேனில் சொன்னேன். "செம்பனை எண்ணெய் இங்கிருந்துதானே டீச்சர் கப்பலேறுது?" என்றாள் ஒருத்தி. உண்மைதான். குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆனால் குலை வெட்டுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அந்த 11 பேரில் ஒருவரும் இல்லை.

*

முதல் சனிக்கிழமை நடந்ததை எழுதி வைக்க வேண்டும். களை பிடுங்கச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆர்வமாக இறங்கி, முளைவிட்டிருந்த கங்கோங்கையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். 2 பாத்தி போயிற்று. விதைத்து அறுக்க 25 முதல் 30 நாள் பிடிக்கும் கீரை. தோட்டக்காரர் கோபப்படவில்லை, மறுபடி விதைத்தார். உதவிக்குப் போன நாங்கள் அவருக்கு வேலையைக் கூட்டிவிட்டோம். எது களை, எது பயிர் என்று முதலில் காட்டித்தந்திருக்க வேண்டியவள் நான்.

*

இந்தப் பிள்ளைகள் 2019-இல் ஆரம்பப்பள்ளியில் இருந்தவர்கள். அந்த ஆண்டு மார்ச் 7 அன்று கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவின் நெடி முதலில் தாக்கியது பள்ளிப் பிள்ளைகளைத்தான். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 13-ஆம் தேதி 111 பள்ளிகள் மூடப்பட்டன.

இன்று ஒரு பையன் வாய்க்காலில் கை அலம்பக் குனிந்தான். தண்ணீரை அள்ளி முதலில் முகர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் கையை அலம்பினான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. வீடு வந்து சேரும்வரை அது என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

*

வாசலில் ஒரு மாணவியின் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா டீச்சர், தோட்டத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க? அதைவிட்டு வெளியே வரத்தானே நாங்க இத்தனை பாடுபட்டோம்?"

இந்த நாட்டுத் தமிழருக்குத் தோட்டம் என்றால் கித்தாத் தோட்டம், லயம், பெரட்டு. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்த பிறகும் எத்தனையோ பிள்ளைகள் அம்மாவோடு ரப்பர் மரம் சீவும் வெளிக்காட்டுக்குப் போய்க் கட்டிப்பால் பொறுக்கினார்கள். அதற்குத் தொண்டு என்று பேரில்லை. பாட்டியிடம் நான் வாதாடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரக்கூடிய வேலைக்குத்தான் பேத்தி போகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

*

இந்தத் தொண்டுக்குச் சான்றிதழ் உண்டு. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு, அதனால் வருகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் குறையில்லை. எதற்காக வந்தாலும் முதுகு ஒரே மாதிரிதான் வலிக்கிறது.

*

1971-இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பர்டு என்ற பெண், வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்ய நகரத்தவர்களை அழைத்துப் போகத் தொடங்கினார். உழைப்புக்குச் சாப்பாடும் படுக்கையும். அது இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் வாரக்கணக்கில் கிராமத்திலேயே தங்குகிறார்கள். அது பாடத்தின் பகுதி, தொண்டு ஆகாது. ஆனாலும் இரண்டில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவர்கள் விவசாயியின் செவ்வாய்க்கிழமையைப் பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை என்று நான் எழுதக் காரணம் தோட்டக்காரர்தான். "சனிக்கிழமை வர்றீங்க டீச்சர், சந்தோஷம். ஆனா வெண்டைக்குச் சனிக்கிழமை தெரியாதே. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், இல்லன்னா முத்திப்போகும். செவ்வாய்க்கிழமை யார் பறிக்கிறது?"

திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. எண்ணெய் லாரிகள் அப்படியே நின்றிருந்தன.

*

திங்கள். இடைவேளையில் 4 பேர் வந்தார்கள். தோட்டத்துக்குப் பக்கத்துத் தாமானில் இருப்பவர்கள். செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டதும் சைக்கிளில் போகிறார்களாம், வெயில் தாழ்ந்த பிறகு பறிப்பார்களாம். 4 பேரின் பெற்றோரிடமும் பேசினேன். தோட்டக்காரருக்கும் தகவல் சொல்லியாயிற்று. மழைநாளில் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கையுறை 4 ஜோடி வாங்க வேண்டும்.

*

செவ்வாய். அந்தப் பாட்டியின் பேத்தியும் அந்த 4 பேரில் ஒருத்தி. பையிலிருந்து வெளுத்துப்போன முழுக்கைச் சட்டையை எடுத்துக் காட்டினாள். வெளிக்காட்டுக்குப் போட்டுக்கொண்டு போனதாம், பாட்டி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

"வெண்டைச் சுணை அரிக்கும்னு சொன்னாங்க டீச்சர்."