ஆட வைக்கலாமா, அனுப்பி வைக்கலாமா?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. மதியம் சாப்பிடற இடத்துல ஒரு பொடியன், என்.பி.ஏ. ஒண்ணு விடாம பாக்குறவன், தயிர்சாதத்தைப் பிசைஞ்சுகிட்டே தீர்ப்பு சொல்றான்: "அடிபட்ட ஸ்டாரை வச்சுகிட்டு என்ன சார் பண்றது? விலை போகும்போதே தள்ளி விட்டுடணும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஐசையா தாமஸ் கதை தெரியுமாடா?"ன்னேன். "டெட்ராய்ட்ல ஆடினாரே, அவரா?"ங்கறான். அடேய், அது பெரிய தாமஸ். நான் சொல்றது குட்டி தாமஸ்.

கூடைப்பந்து பிடிக்காதவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நடுவுல மாட்டுச்சந்தையும் வரும் :-)

குட்டி தாமஸோட உயரம் அஞ்சே முக்கால் அடி. நம்ம தெருவுல நின்னாக்கூட தனியா தெரியமாட்டார். 2011-ல வீரர்களைத் தேர்ந்தெடுத்தப்போ மொத்தம் 60 பேர்ல இவர்தான் 60-வது. அப்படிப்பட்ட ஆள் 2016-17 சீசன்ல பாஸ்டன் செல்டிக்ஸுக்காக ஆட்டத்துக்கு சராசரியா 28.9 புள்ளி எடுத்தார். நெடுநெடுன்னு நிக்கிற மரங்களுக்கு நடுவுல புகுந்து, பந்தைப் பலகையில தட்டி உள்ளே போட்டுட்டு வர்றதைப் பார்த்தா அணில் ஞாபகம்தான் வரும்.

அந்த வருஷம் ஏப்ரல்ல, பிளேஆஃப் தொடங்கறதுக்கு முந்தின நாள், அவரோட தங்கை கார் விபத்துல இறந்துட்டாங்க. மறுநாள் ஷூவுல தங்கை பேரை எழுதிகிட்டு வந்து ஆடினார், 33 புள்ளி. மே 2, அந்தத் தங்கையோட பிறந்தநாள். அன்னைக்கு வாஷிங்டனுக்கு எதிரா 53 புள்ளி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஆட்டத்துல ஒரு பல்லு வேற போயிருந்தது.

இத்தனைக்கும் இடுப்புல அடி. மார்ச்சுலேயே பட்டது, அதோடவே ஆடிகிட்டிருந்தார். கடைசியில கிளீவ்லாண்டோட ரெண்டாவது ஆட்டத்துக்கு மேல முடியலை, உட்கார வச்சுட்டாங்க. மூணே மாசம். ஆகஸ்ட்ல அதே கிளீவ்லாண்டுக்கு அனுப்பிட்டு கைரி இர்விங்கை வாங்கிட்டாங்க.

இங்கதான் மாட்டுச்சந்தை. நம்ம ஊர்ல துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசி முடிச்சப்புறமும், வாங்குறவர் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பார், ரெண்டடி நடக்க விட்டுப் பார்ப்பார். கிளீவ்லாண்டும் பார்த்தாங்க. இடுப்பு சரியில்லை, இன்னும் ஏதாவது போட்டுக் குடுங்கன்னு இழுத்தாங்க. பாஸ்டன், 2020-ல ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கிற ரெண்டாம் சுற்று உரிமையைக் கொசுறாக் குடுத்து பேரத்தை முடிச்சது.

பாஸ்டன் பக்கம் நியாயமே இல்லையான்னா, இருக்கு. பேரம் பேசின டேனி ஏன்ஜ் அந்தக் காலத்துல அதே செல்டிக்ஸுக்கு ஆடினவர், இதெல்லாம் தெரியாதவர் இல்லை. அடுத்த வருஷம் தாமஸோட ஒப்பந்தம் முடியுது. பெரிய தொகை கேப்பார், கேக்குற உரிமையும் இருக்கு. இருபத்தெட்டு வயசு, அஞ்சே முக்கால் அடி, பழுதான இடுப்பு. பாயற வேகம் போச்சுன்னா அந்த உயரத்துக்கு வேற பிடிமானம் கிடையாது. கணக்குப்பிள்ளையா உட்கார்ந்து பார்த்தா நானும் அதையேதான் செஞ்சிருப்பேன். நடந்ததும் அப்படித்தான். 2018 ஜனவரியிலதான் கிளீவ்லாண்டுக்கு இறங்கினார், 15 ஆட்டம், பிப்ரவரியில லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தள்ளிட்டாங்க. மார்ச்ல இடுப்புல ஆபரேஷன். அந்தக் கோடையில டென்வரோட குறைந்தபட்ச சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அனுப்பினது சரி. ஆனா ஆட வச்சது? அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. அவரோட உடம்பை அவங்களுக்காகவே செலவழிச்சிட்டு, மிச்சம் கம்மியா இருக்குன்னு வித்துட்டாங்க.

காவாய் லெனர்ட் இதைப் புரிஞ்சுகிட்டவர்னு நினைக்கிறேன். 2017-18-ல சான் ஆண்டோனியோவுக்கு 9 ஆட்டம்தான் ஆடினார். கிளப் டாக்டர்ங்க ஆடலாம்னாங்க, இவர் தனக்குன்னு வச்சிருந்த டாக்டர்ங்க பேச்சைத்தான் கேட்டார். திட்டு வாங்கினார், டொரண்டோவுக்குப் போனார். அங்க 82-ல 60 ஆட்டம் மட்டும் ஆட வச்சுப் பொத்திப் பொத்திப் பாத்துகிட்டாங்க. 2019-ல கோப்பை.

அதே இறுதிப் போட்டியில எதிர்ப்பக்கம் கெவின் டுரான்ட். கெண்டைக்கால் தசையில அடி, ஒரு மாசமா வெளியில. கோல்டன் ஸ்டேட் 3-1-னு பின்தங்கினதும் அஞ்சாவது ஆட்டத்துக்கு இறங்கினார். 12 நிமிஷம், 11 புள்ளி, அப்புறம் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார். ஆட்டத்தை ஒரு புள்ளியில ஜெயிச்சாங்க. முடிஞ்சதும் அணியோட மேலாளர் பாப் மையர்ஸ் அழுதுகிட்டே, பழி சொல்லணும்னா என்னைச் சொல்லுங்கன்னார். அதைப் பார்த்துட்டு டிவியை அணைச்சிட்டேன்.

ஏன்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

1998. காலேஜ் டீமுக்கு நான் கேப்டன். ஆட்டத்தால இல்லை, வாயால :-) எங்க சென்டர் ஆறடி மூணு அங்குலம், செல்லமா ஒட்டகம். மண்டல இறுதிப் போட்டிக்கு நாலு நாள் முன்னாடி முட்டி வீங்கிடுச்சு. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியலை. மாஸ்டர் முடிவை எங்கிட்டயே விட்டுட்டார். நான் ஒட்டகத்துகிட்ட போய், "நீ இல்லேன்னா ரீபவுண்ட் யாருடா எடுப்பா? ஸ்ப்ரே அடிச்சு கிரேப் பேண்டேஜ் சுத்திக்கோ, ஒரு மணி நேரம்தானே"ன்னேன். இறங்கினான். ஜெயிச்சோம். ரெண்டாவது பாதியில ஒரு தடவை குதிச்சு இறங்கினவன் அப்படியே மடங்கினது மட்டும் இன்னும் கண்ணுல நிக்குது. லிகமென்ட். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அடுத்த மாசம் செலக்‌ஷன் இருந்தது அவனுக்கு. போகலை. இப்ப ஹார்டுவேர் கடை வச்சிருக்கான்.

கோப்பை பிரின்சிபல் ரூம்ல இருந்தது. இப்ப இருக்கான்னு தெரியலை.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு கல்யாணத்துல பார்த்தோம். இருபது வருஷத்துக்கு மேல கேக்காததை பந்தியில வச்சுக் கேட்டேன், எம்மேல கோவம் இல்லையாடான்னு. அப்பளத்தை நொறுக்கிகிட்டே சிரிச்சான். "போடா. அன்னிக்கு நீ உட்கார வச்சிருந்தா உன்னை அடிச்சிருப்பேன். எனக்கே ஆடணும்னு இருந்தது."

நிஜமாத்தான் சொன்னானா, என்னைத் தேத்தறதுக்காகச் சொன்னானான்னு கண்டுபிடிக்க முடியலை. சாப்பாட்டு ஹால் மாடியில. கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேர்த்து வச்சு வச்சு இறங்கினான். அவனோட தாம்பூலப் பையையும் நானே வாங்கிகிட்டு பின்னாடியே மெதுவா இறங்கினேன்.