இரவு ஒன்பதரை மணி

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி கல்லூரிக்கு வந்திருந்தாள். மணமாகி ஏழாண்டுகள் ஆகின்றன. நலம் விசாரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அம்மா, ஐ.வி.எஃப். சிகிச்சை தொடங்கப் போறோம். போன்ல ஒரு செயலியைப் போட்டுக்கச் சொல்றாங்க. அதை நம்பலாமா?"

என்னிடம் ஏன் கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. கல்லூரிகளில் இரகசியங்கள் நெடுநாள் தங்குவதில்லை. அன்று அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன் நண்பர்களே. இதை எழுதலாமா என்று சில நாள் தயங்கியதும் உண்மை.

2019-இல் எனக்கு வயது 38. கணவருக்குக் கோவையில் வேலை. நான் நெல்லையில் மாமியாருடன் இருந்தேன். சிகிச்சை பற்றி அத்தையிடம் சொல்லவில்லை. குளிர்பதனப் பெட்டியில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த ஊசிகளைச் சர்க்கரை நோய்க்கானவை என்று சொல்லியிருந்தேன். பொய்தான். ஆனால் 'ஏதும் விசேஷம் உண்டா?' என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் கேட்டவர்களுக்கு அந்தப் பொய்யின் தேவை விளங்கும்.

இச்சிகிச்சை முழுவதும் நேரக் கணக்குதான். கருமுட்டைகள் வளரப் பத்து நாள் அளவுக்குத் தினமும் ஊசி. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஸ்கேன். அதைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுவார்கள். கடைசியாக ஓர் ஊசி. அதைப் போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் கருமுட்டைகளை எடுக்க வேண்டும். அந்த நேரம் தவறினால் அதுவரை பட்ட பாடு வீணாகிவிடக்கூடும்.

மருத்துவமனை தந்த செயலி இந்தக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அன்றைய மருந்தின் அளவு மாலைக்குள் வந்துவிடும். ஊசியை எப்படிப் போடுவது என்று காட்டும் படம் இருந்தது. கூச்சம் தரும் ஐயங்களை எழுதிக் கேட்டால் செவிலியர் பதில் எழுதுவார். யாருமறியாமல் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு இது சிறிய உதவி அன்று.

கடைசி ஊசிக்கான நேரம் இரவு ஒன்பதரை. என் கைப்பேசியில் மணி அடித்த அதே நொடியில் கோவையில் அவர் கைப்பேசியிலும் அடித்தது. உடனே அழைத்தார். "போட்டாச்சா?" "போட்டாச்சு." அவ்வளவுதான் பேச்சு. அதுவரை படிவங்களில் கையெழுத்திடுபவராக மட்டுமே இருந்தவர், அன்று அந்த ஊசியில் பங்காளியானார். நம் மொழியில் 'மலடி' என்ற சொல்லுக்கு இருக்கும் புழக்கம் 'மலடன்' என்பதற்கு இல்லை. குறை ஆணிடமும் இருக்கலாம் என்று மருத்துவம் சொல்லி எத்தனையோ காலம் ஆயிற்று. சொல்வழக்கு இன்னும் மாறவில்லை. இரு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் ஒலித்த அந்த மணி, அதைக் கொஞ்சம் மாற்றியதாக எனக்குத் தோன்றியது.

ஆனால் கருவை உள்ளே வைத்தபின் வரும் இரண்டு வாரங்கள் வேறு விதமானவை. அப்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளின் கதையைச் சொல்லிச் சிரிப்போம். நான் ஒரு நாளைக்கு இருபது முறை கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தேன். மார்பு வலியா, சோர்வா என்று செயலி கேட்கும். நானும் ஒவ்வொன்றாகக் குறிப்பேன். கொடுக்கப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்தாலேயே இவையெல்லாம் வரும் என்பதை நான் அறிவேன். அறிந்தும் குறித்தேன்.

பதினான்காம் நாள் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் திருக்குறளின் ஏழாம் அதிகாரம், மக்கட்பேறு. பரிமேலழகர் உரையில் அது 'புதல்வரைப் பெறுதல்' என்று இருப்பதை விளக்கி, அந்தப் பெயர் வேறுபாடு பற்றிக் கேள்விகள் எழ, வகுப்பு நன்றாகவே நடந்தது. இடைவேளையில் செயலியைத் திறந்தேன். முடிவு ஓர் எண்ணாக வந்திருந்தது. அது 5-க்கும் கீழே இருந்தால் கரு தங்கவில்லை என்று பொருள். எனக்கு 1.2. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, போனேன்.

அன்றிரவு ஒன்பதரைக்குச் செயலியும் மணி அடித்தது: 'மருந்து எடுத்துக்கொள்ளும் நேரம்.' எல்லாம் முடிந்துவிட்டதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணைவிட இந்த மணிதான் என்னை அதிகம் வருத்தியது.

மறுநாள் காலை செவிலியர் தாமாகவே அழைத்தார். "அக்கா, மருந்தை நிறுத்திரலாம். ராத்திரி சாப்பிட்டீங்களா?" அந்த இரண்டாம் கேள்வியில்தான் முதன்முதலாக அழுதேன். செயலி கேட்ட நூறு கேள்விகளில் அது இல்லை.

இரண்டாவது முறையும் கைகூடவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டோம். அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்கள். சொல்லியிருக்கலாம்தான்.

மாணவிக்கு நான் சொன்னது இதுதான். செயலியைப் போட்டுக்கொள். உன் கணவரின் கைப்பேசியிலும் போடு. நீ தரும் விவரங்கள் யாரிடம் போகின்றன என்று கேள். மாதவிடாய்க் கணக்குச் செயலியான ஃப்ளோ, பயனர்களின் விவரங்களை ஃபேஸ்புக் முதலான நிறுவனங்களுக்குத் தந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-இல் அதன் மீது கட்டுப்பாடுகள் விதித்தது. நம் நாட்டில் அதே 2021-இல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், தம்பதியருக்கு ஆலோசனை வழங்குவதைச் சிகிச்சை மையத்தின் கடமையாக்கியிருக்கிறது. செயலி இருக்கிறதே என்று அதைத் தட்டிக்கழித்தால் விடாதே. முடிவு வரும் நாளில் செயலியின் மணியை அணைத்து வை. அந்த எண்ணைத் தனியே பார்க்காதே.

அந்தத் தேதி முடிவானதும் தெரிவிக்கச் சொல்லியிருந்தேன், நேற்று எழுதியிருந்தாள். என் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். அன்று மாலை வகுப்பு முடிந்ததும் அவளை அழைக்க வேண்டும். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று தொடங்கலாம்.