தழும்பும் தராசும்

சிறை சென்றவரா? தடியடி பட்டவரா? அப்படியானால் அவரே நம் வாக்குக்கு உரியவர்! நெடுநாள் நாம் இப்படித்தான் எண்ணியிருந்தோம். எளிய கணக்கு, ஆனால் தவறான கணக்கு. தவறென்று காட்டியவன் கடைசி வரிசையில் அமரும் நம் மாணவன் ஒருவன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போரை அன்று விளக்கிக்கொண்டிருந்தோம். 1965 மார்ச் 7. அலபாமா மாநிலத்துச் செல்மா நகரம். வாக்குரிமை கேட்டுப் பாலம் கடந்தோர்மீது காவலரின் தடிகள் பாய்ந்தன. முன்னணியில் சென்ற 25 வயது ஜான் லூயிசின் மண்டையோடு உடைந்தது. "அந்த வீரர் பின்னாளில் காங்கிரஸ் சபை உறுப்பினரானார்!" என்று பெருமிதத்தோடு முடித்தோம்.

மாணவன் எழுந்தான். "உறுப்பினரானபின் என்ன செய்தார், ஐயா?"

விடை இல்லை நம்மிடம். நாணினோம். அன்றிரவே நூல்களைப் புரட்டினோம்.

1986இல் அட்லாண்டாவில் லூயிசை எதிர்த்து நின்றவர் யார்? ஜூலியன் பாண்ட்! இருவரும் ஒரே மாணவர் போராட்டக் குழுவில் தோளோடு தோள் நின்ற தோழர்கள். இருவருக்கும் உண்டு வீர வரலாறு. நமது பழைய கணக்கு அந்த வாக்காளருக்கு எப்படி வழிகாட்டியிருக்கும்?

மற்றொருவர் லிண்டன் ஜான்சன். 1928இல் டெக்சாசின் கொட்டூலா ஊரில் ஏழை மெக்சிகோ வழிச் சிறுவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர், நம்மைப் போன்றவர்! அவரே 1937இல் காங்கிரஸ் சபைக்குச் சென்றபின், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உரிமை மசோதாக்களை எதிர்த்து வாக்களித்தார். ஆயினும், குடியரசுத் தலைவரானதும் 1964இல் குடியுரிமைச் சட்டத்தையும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியவரும் அவரே. வியட்நாம் போரை வளர்த்தவரும் அவரே! இறந்தகாலத்தை மட்டும் நிறுத்தால் இந்த மனிதரின் எடை தெரியுமா?

அப்படியானால் பழைய போராட்டத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. இழப்பைத் தாங்கும் உள்ளம் உண்டா என்பதை அது காட்டும். பதவியைத் தாங்கும் உள்ளம் உண்டா என்பதைப் பதவிக்காலமே காட்டும். லூயிஸ் இரண்டிலும் தேறினார். கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு அருங்காட்சியகம் வேண்டுமென 1988இல் மசோதா கொணர்ந்தார். அது சட்டமானது 2003இல். பதினைந்து ஆண்டுகள் சளைக்கவில்லை! துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி 2016இல் சபைக்குள்ளேயே தரையில் அமர்ந்தபோது அவருக்கு வயது 76. 2020இல் மறையும்வரை உறுப்பினராகவே உழைத்தார்.

மறுநாள் வகுப்பில் இவை அனைத்தையும் சொன்னோம். நேற்று நமக்கு விடை தெரியாதிருந்ததையும் மறைக்கவில்லை.

தோழர்களே! மேடையில் தழும்பைக் காட்டுவோரை வணங்குவதோடு நின்றுவிடாதீர். தழும்பு தராசின் ஒரு தட்டுக்கே உரியது. மறு தட்டில் வைக்க என்ன இருக்கிறதென்று கேளுங்கள். கேட்பவன் கடைசி வரிசையில் இருந்தாலும், கேள்வி முதல் வரிசைக்கு உரியது!