வண்டிக்கு அடியில் ஒரு சத்தம்

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் உயிர் பெறுவதற்கு முன்னால், இரண்டு விநாடி 'ங்ங்' என்று ஒரு முனகல். கியரில் போட்டால் 'டக்'. நான்கு சக்கர இழுவைப் பொத்தானை அமுக்கினால் முன்பக்கம் அடியில் எங்கோ 'விர்ர்'. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுப் படி ஏறும்போதும் பின்னாலிருந்து 'டிக்... டிக்... டிக்'. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மேடு பள்ளம் பார்க்காமல் ஏறும் ஏடிவி ஒன்றைத் தோட்ட வேலைக்கு வாங்கிய புதிதில் எனக்கு வாசித்துக் காட்டிய பட்டியல் இது. வாசித்தார் என்றால் நிஜமாகவே வாசித்தார். தேதி, நேரம், இன்ஜின் சூடா குளிர்ச்சியா என்பது வரைக்கும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அவர் ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான். நல்ல திடமான பிள்ளைகளின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாலும் சில சமயம் துடிப்போடு கூடவே மெல்லிய இசை ஒன்று கேட்குமாம். லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் 1909-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மீட்டிய தந்தி அதிர்வதாக அவர் காதுக்குப் பட்டிருக்கிறது. பிள்ளையைப் படுக்கவைத்தால் ஓங்கும், எழுந்து நிற்கவைத்தால் தணியும், காய்ச்சல் வந்தால் கொஞ்சம் உரக்கக் கேட்கும், வளர வளரக் காணாமல் போகும். கெடுதல் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்லம்மா, பிள்ளை நல்லா இருக்கான்" என்று தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லியே அவருடைய தொண்டை கட்டியிருக்கிறது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் மறுநாளே இன்னொரு டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள் என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. அந்த மனிதர்தான் இப்போது நோட்டும் கையுமாக.

அவருக்கு நான் சொன்ன விளக்கங்களில் புதுமை ஒன்றுமில்லை. முனகுவது பெட்ரோல் பம்ப். இன்ஜின் கேட்பதற்கு முன்பே குழாயில் அழுத்தம் ஏற்றி வைக்கிறது. 'விர்ர்' என்பது முன் சக்கரங்களை இழுவையில் கோர்த்துவிடும் சின்ன மோட்டார். 'டிக் டிக்' சைலன்சர் ஆறும் சத்தம். உள்ளே இருக்கும் குழாயும் மேலே போர்த்திய தகடும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு பட்டென்று வழுக்கும். ஒரு வழுக்கலுக்கு ஒரு டிக். ஓடையில் இறங்கி ஏறிய பிறகு கொஞ்ச தூரம் கீச்சிடுவது நனைந்த பெல்ட். கைனடிக் ஹோண்டா 1984-இல் நம் ஊருக்குக் கொண்டுவந்ததே, கியர் மாற்றாமல் ஓட்டும் ஏற்பாடு, அதே இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும்தான் பெரும்பாலான ஏடிவியிலும் இருக்கிறது. அந்த ஸ்கூட்டரை மழையில் உருட்டியவர்களுக்குப் பெல்ட் வழுக்கும் சங்கதி புதிதல்ல. வண்டி கழுவிய மறுநாள் காலை முதல் பிரேக்கில் வரும் 'கர்ர்', டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவைப் பேட் வழித்தெடுப்பது. நாலு தடவை பிடித்தால் போய்விடும்.

வண்டியோடு வந்த கையேட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தடிமனான புத்தகம். தலைக்கவசம் அணியுங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டுச் சொல்கிறது. சத்தம் என்று வந்தால் மட்டும் ஒரே பதில்: விற்பனையாளரை அணுகவும். மெக்கானிக்குகள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் முதலில் கேட்பது, சத்தம் எதன் பின்னால் போகிறது என்பதை. நியூட்ரலில் நிறுத்தி முறுக்கினால் கூடவே ஏறுகிறதா? அப்படியானால் இன்ஜின் பக்கம். இன்ஜினை அணைத்துச் சரிவில் உருளவிட்டாலும் வருகிறதா? சக்கரம், பேரிங், பிரேக். கைப்பிடியை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'கட கட' என்றால் அச்சின் மூட்டு, அதை உடனே பார்க்க வேண்டும். பாரம் ஏற ஏற ஓங்கும் சத்தமும் நாளுக்கு நாள் வளரும் சத்தமும் கெட்டவை. ஒரே நேரத்துக்கு வந்து ஒரே அளவில் போகும் சத்தத்தோடு குடித்தனம் நடத்தலாம்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியின் சாதுவான சத்தங்களில் பாதி, செய்தவனே வேண்டுமென்று விட்ட இடைவெளியிலிருந்து பிறப்பவை. இரும்பு சூட்டில் நீளும், அது நீள இடம் வேண்டும். வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சந்து விடுகிறார்கள். அந்தச் சந்துதான் 'டப டப' என்று டேப்பட் சத்தமாகக் காதில் விழுகிறது. சத்தம் பிடிக்காமல் அதை இறுக்கி மூடினால் வால்வு முழுசாக மூடாது, தன் சூட்டைத் தலைக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகிப் போகும். பழைய மெக்கானிக்குகள் அதனால்தான், நேற்று வரை சளசளத்த வண்டி இன்று வாயை மூடிக்கொண்டால் முகம் மாறுவார்கள்.

1970-இல் அமெரிக்காவில் ஹோண்டா விற்க ஆரம்பித்த மூன்று சக்கர வண்டியிலிருந்து ஏடிவியின் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காத கடைக்காரர்களுக்காக யோசித்த வண்டி, பலூன் டயர் போட்டது. இருக்கட்டும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஆன வண்டி என்றால் எனக்கு நினைவு வருவது புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு விற்கும் உமணர்கள் புறப்படுகிறார்கள். எருதுகளோ இளசு, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நடக்குமோ, யாருக்குத் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அச்சை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்கிறார் ஔவை. ராஜகுமாரனை ஸ்டெப்னி என்று புகழ்ந்த கவி வேறு எந்த நாட்டிலாவது உண்டா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

பாட்டில் சத்தம் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பாட்டு எனக்குச் சத்தமாகத்தான் கேட்கிறது. அடியில் கயிற்றால் கட்டிய கனத்த மரம், கல்லும் முள்ளும் நிறைந்த வழி. புறப்பட்ட நாலாவது நாழிகையில் கட்டு தளர்ந்திருக்கும். அச்சு ஆடும், தட்டும், பள்ளத்துக்குப் பள்ளம் 'டொக்' என்று இடிக்கும். உப்பு வண்டி அமைதியானது என்று யாரும் சொல்லவில்லை. நற்றிணையில் அம்மூவனார் பாட்டொன்றில் அவை மணலில் அழுந்தி எழுப்பும் ஓசைக்கு வயலில் நிற்கும் குருகு வெருள்கிறது. இத்தனைக்கும் நடுவே, அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இருந்திருப்பான். அடியில் ஏதோ தட்டுது சித்தப்பா என்று நிறுத்தச் சொல்லியிருப்பான். தட்டுவது எது என்று தெரிந்த கிழவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அச்சு முறிந்தால் கைகொடுக்கப் போவது அது ஒன்றுதான். அந்தச் சத்தம் நின்றுபோனால் அல்லவா அவர் குதித்து இறங்கி வந்த வழியே தேடிக்கொண்டு ஓடியிருப்பார்!

இதையெல்லாம் டாக்டரிடம் போனில் சொன்னேன். ஔவையாரை ரசித்தார். ஆனால் டிக் டிக் விஷயத்தில் திருப்தி இல்லை. சத்தத்தையே பதிவு செய்து அனுப்புவதாகச் சொல்லி அனுப்பியும் வைத்தார். இப்போதைய போன்களுக்குப் பின்னணி இரைச்சல் ஆகாது, வடிகட்டிவிடும். எது இரைச்சல் என்பதை அதுவே முடிவு செய்துகொள்கிறது. எனக்கு வந்து சேர்ந்தது, மிகத் துல்லியமான அமைதியும் நடுநடுவே "கேக்குதா? இப்பக் கேக்குதா?" என்ற டாக்டர் குரலும்.

கடைசியில் வத்தலக்குண்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். ஏடிவி தார்ச்சாலையில் போகக் கூடாத வண்டி, ஆள்தான் மலையேற வேண்டும். நானும் கூடப் போயிருந்தேன். அவர் வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, ஓட்டச் சொன்னார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு மூன்று நான்கு இடம் கேட்டார். டாக்டரின் பார்வை அந்த ஸ்க்ரூ டிரைவரை விட்டு அகலவில்லை. 1816-இல் பாரிஸ் ஆஸ்பத்திரியில், ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்ட கதையை என்னிடம் கிசுகிசுத்தார்.

"எல்லாம் அது அது வேலையப் பாக்குது சார். ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார் மெக்கானிக். வந்துபோகிற செலவுக்கு மேல் காசு வாங்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"சார், நீங்க டாக்டர்னு சொன்னாங்க. எனக்கு இந்த முழங்கால் உக்காந்து எந்திரிச்சா டக் டக்குன்னு சத்தம் வருது."

"வலி இருக்கா தம்பி?"

"வலியில்ல."

"வீக்கம்? நடக்கும்போது அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்குதா?"

"அதெல்லாம் இல்ல சார். சத்தம்தான்."

டாக்டர் முட்டிச் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மடக்கி நீட்டச் சொன்னார். எனக்கே கேட்டது. "ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு" என்றார்.

மெக்கானிக் ஒரு நிமிஷம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கும் மதுரையில ஒரு எக்ஸ்ரே எடுத்துரட்டுமா சார்?"