நாளும் நான்கு வரி

"நேரமில்லை" என்னும் சொல்லை நாம் ஒரு நாளில் எத்தனை முறை சொல்லுகிறோம் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் அச்சொல்லுக்கு அடிமையாயிருந்தவளே. அதனால் நான் இழந்ததையும், பின்னர் கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

உத்திரமேரூரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சிற்றூர் எங்களுடையது. சென்ற ஆண்டு புத்தாண்டு நாளன்று, உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்றை அப்பா என்னிடம் தந்தார். "தினமும் எழுதும்மா" என்றார். நானும் பெருமகிழ்ச்சியோடு தொடங்கினேன். முதல் வாரம் பக்கம் நிறைய எழுதினேன். பொங்கலன்று இடம் போதாமல் தனித்தாள் ஒட்டி எழுதினேன்.

மாசி பிறந்ததும் ஊக்கம் குன்றியது. காலையில் நான்கரை மணிக்கு எழவேண்டும். அம்மா பால் கறக்கும் நேரத்தில் நான் வாசல் தெளித்துக் கோலமிட்டு, பிறகு பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வரவேண்டும். தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பவேண்டும். பேருந்தைப் பிடிக்கவேண்டும். மாலையில் வீடு திரும்பினால் பாடங்கள் காத்திருக்கும். "ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து அழகாக எழுதிவிடலாம்" என்று நினைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை!

எங்கள் ஆயாவுக்கு நடவுப் பாட்டுகள் பல தெரியும். ஆவணியில் ஓர் இரவு மின்சாரம் நின்றுபோனது. திண்ணையில் அமர்ந்து ஆயா ஒவ்வொன்றாகப் பாடினார். எந்தக் கழனியில் நட்டபோது எந்தப் பாட்டைப் பாடினார்கள், பாட்டெடுத்துக் கொடுத்தவர் யார் என்றெல்லாம் சொன்னார். "இவற்றை எழுதிவைக்கவேண்டும்" என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் கணக்குத் தேர்வு. பிறகு காலாண்டுத் தேர்வு. ஐப்பசி மழையில் ஆயா எங்களை விட்டு மறைந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா, "ஆயா பாடுமே அந்தப் பாட்டு, உனக்காவது தெரியுமா?" என்று கேட்டார். முதலடிக்கு மேல் எனக்கு வரவில்லை. கைப்பேசியில் ஆயாவின் படங்கள் இருக்கின்றன, குரல் இல்லை. டைரியைப் புரட்டினேன். எல்லாம் வெற்றுத் தாள்கள். ஆனால் ஆனி மாதத்தில் ஒரு நாள் எப்படியோ மூன்று வரி எழுதியிருந்தேன். "ஆயாவுக்கு முழங்கால் வலி. எண்ணெய் தேய்த்துவிட்டேன். 'உன் கை உங்க தாத்தா கை மாதிரியே சூடும்மா' என்று சொன்னது."

அதை வாசித்ததும் அம்மா அழுதுவிட்டார். அப்பா மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. பக்கம் பக்கமாக எழுதிய பொங்கலை எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கிறுக்கிய மூன்று வரியே எங்களுக்குச் செல்வமாயிற்று.

அக்காலத்தில்தான் எங்கள் வரலாற்று ஆசிரியை, ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி வகுப்பில் கூறினார். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த அவர், புதுச்சேரியில் பெரு வணிகராக விளங்கினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாகவும் பணியாற்றினார். அவரைவிட வேலை மிகுந்தவர் யார் இருக்க முடியும்? கப்பல் சரக்கைக் கவனிக்கவேண்டும், ஆளுநர் அழைத்தால் ஓடவேண்டும், வழக்கென்று வருவோருக்கும் பதில் சொல்லவேண்டும். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். இத்தனைக்கும் நடுவே அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1736 செப்டம்பர் 6இல் தொடங்கிய அந்நாட்குறிப்பு, அவர் மறைந்த 1761 ஜனவரி வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நீண்டது!

அவர் இலக்கியம் படைக்க உட்காரவில்லை. காதில் விழுந்ததையும், கண்ணில் பட்டதையும், கப்பல்களின் வரவு போக்கையும் பேசுகிற தமிழிலேயே குறித்துவைத்தார். நமக்குக் கிடைத்துள்ள ஏடுகளில் இடையிடையே சில காலப்பகுதிகள் இல்லை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அக்காலப் புதுச்சேரியை அறிய விரும்புவோர் இன்றும் அதைத்தான் நாடுகின்றனர்.

இதைக் கேட்ட அன்று மாலையே எனக்கு நானே சில விதிகளை வகுத்துக்கொண்டேன். நாளும் நான்கு வரி போதும். கண்ணால் கண்டது ஒன்று, காதால் கேட்டது ஒன்று, செய்த வேலை ஒன்று, செலவு ஒன்று. யாராவது சொன்னதை எழுதினால் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதவேண்டும். தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. உலையில் அரிசி வேகும் நேரமே எழுதும் நேரம். விட்டுப்போன நாளுக்காக வருந்திக்கொண்டிராமல், அன்றைய தேதியைப் போட்டு அன்றையதை எழுதவேண்டும். சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா?

தோழியரே! நம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலின் விதிகளை அதில் வெட்டினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் கணக்குக் கேட்ட ஊர் இது. நமக்குக் கிடைத்த நாளுக்கு நான்கு வரியிலாவது கணக்குக் காட்ட வேண்டாமா?

ஆயாவின் பாட்டு இனி எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் ஆயாவோடு நடவு நட்ட மூதாட்டியர் இருவர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பொதுத்தேர்வு முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. சொசைட்டியிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் வாசலில் ஐந்து நிமிடம் நிற்கிறேன். அவர்கள் பாட, நாளுக்கு நான்கு வரி எழுதிக்கொள்கிறேன். இதுவரை ஒரு பாட்டு முழுதாகச் சேர்ந்திருக்கிறது. அதைப் பாடிக் காட்டியபோது அம்மா, "இதேதான்!" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆயா இருக்கக்கூடும். இன்றிரவே ஒரு பழைய நோட்டை எடுங்கள், தோழியரே!