பித்தளையின் கழுத்து

அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் பின்னுள்ள தெருவொன்றில் வாழும் அந்த முதியவர், மதராஸ் சாப்பர்ஸ் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சூர் ஏரியை ஒட்டி மையம் கொண்டுள்ள அப்படையின் வீரர்களை இந்திய ராணுவத்தில் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம். தமிழ் உறவுப்பெயர் ஒன்று படைவீரரின் பெயராக மாறிய கதை தனியே எழுதத் தக்கது. சுடுபயிற்சித் திடலில் அவருக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் எண்ணுவதுதான். சுட்டு முடிந்தபின் தரையில் சிதறிக் கிடக்கும் காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கி, வழங்கிய எண்ணிக்கையோடு சரிபார்த்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். படையில் அதற்குக் ‘கோக்கா’ என்ற இந்திச் சொல். ஒரு கோக்கா குறைந்தாலும் கம்பெனி முழுவதும் புல்லைக் கையால் விலக்கித் தேடும். ஆயிரக்கணக்கில் அள்ளியவர் ஒன்றையேனும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அவருடைய மகள்வழிப் பேரன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்கிறான். அங்கே இலக்குச் சுடுதல் அவனுக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. சுட்ட உறையை எறிந்துவிடாமல் செப்பனிட்டு, புது மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறான். தன் சொந்தப் பயன்பாட்டுக்கு அங்கே அதற்கு உரிமம் வேண்டியதில்லை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே பாட்டன் தொட்டு எண்ணிய பொருளைப் பேரன் தொட்டுத் திருத்துகிறான். இருவருக்கும் இடையே வாரம் ஒரு காணொளி அழைப்பு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பேரன் முகம் வாடியிருந்தது. கோடை முழுவதும் கார் நிறுத்துமிடத்தில் பெட்டியிலிட்டு வைத்திருந்த உறைகளில் பாதிக்குமேல் கழுத்து நெடுகப் பிளந்திருந்தது. “சுடவே இல்ல தாத்தா, வெச்ச இடத்திலேயே பிளந்துபோச்சு” என்றான்.

கழுத்து என்பது குண்டைக் கவ்விப் பிடிக்கும் குறுகிய வாய்ப்பகுதி. துல்லியம் பெரிதும் அக்கவ்வலைச் சார்ந்தது. ஒவ்வோர் உறையும் குண்டை ஒரே இறுக்கத்தோடு பிடித்து ஒரே விதமாக விட்டால்தான் குண்டுகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் புறப்படும். உறைப் பித்தளை செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்தது. வெடிக்கும்போது அது விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின் சற்றே சுருங்கும். மறுபடி பயன்படுத்துவதற்கு அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர வேண்டும்; நீண்டுவிட்ட விளிம்பைச் சீவிப் பிசிறு நீக்க வேண்டும். இப்படி விரிவும் நெரிவும் மாறிமாறி நேர, கழுத்து இறுகிக்கொண்டே போகும். இறுகிய பித்தளை அழுத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

முதியவர் உறையைக் காட்டச் சொல்லவில்லை. “எதுல கழுவினே?” என்று மட்டும் கேட்டார்.

கடையில் வாங்கிய ஏதோ ஒரு மெருகுத் திரவம். பளபளப்பாக வந்தது, ஆனால் மூக்கைப் பிடுங்கும் நெடி. “குதிரை லாயத்து நெடியா?” என்றார் பாட்டன். பேரன் குதிரை லாயத்துக்குள் போனதில்லை. ஆனால் நெடி என்னவென்று இருவருக்கும் புரிந்தது: அம்மோனியா.

இந்நோய்க்கு இந்திய மண்ணோடு பழைய தொடர்பு உண்டு. ஆங்கிலேயப் படைகள் மழைக்காலத்தில் போர்ப்பணிகளைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கும்போது பல உறைகள், குறிப்பாகக் குண்டை இறுக்கியிருந்த இடத்தில், வெடித்திருந்தன. பருவத்தோடு வந்த நோயாதலால் ‘பருவ வெடிப்பு’ என்று பொருள்படும் பெயரையே ஆங்கிலத்தில் இட்டனர். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் காரணத்தை விளக்கினர். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரம், உலோகத்துள் தேங்கிய அழுத்தம் ஆகியவை கூடினால் பித்தளை பிளக்கும். அழுத்தத்தைச் சூடாக்கித் தணித்துவிட்டால் நோயும் பெரும்பாலும் நீங்கும். அக்காலத்து .303 தோட்டாவிலோ கார்டைட் கம்பிகளை உள்ளே வைத்த பிறகே கழுத்தை நெரித்து உருவாக்கினார்கள். மருந்து நிறைந்த உறையின் அருகே தீயை எப்படிக் கொண்டுபோவது?

இவ்வளவையும் முதியவர் அறிந்திருக்கவில்லை. அவர் அறிந்தது புதுத் தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலம் பாய்ந்த கறை. ராணுவத் தோட்டாக்களில் அதைத் துடைத்து மெருகிடாமல் விட்டுவிடுவார்கள். கழுத்து சூடு கண்டது என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொன்றையும் அறிந்திருந்தார். அவருடைய தந்தை அல்சூரில் பாத்திரம் அடித்த கன்னார். குடத்தின் வாயை அடித்து வளைக்கையில் சில சுற்றுகளுக்கொரு முறை உலையில் காட்டுவார். பட்டறையை ஏன் இருட்டாக வைத்திருக்கிறார் என்பது சிறுவனாக இருந்தபோது புரிந்ததில்லை. வெளிச்சத்தில் பித்தளை மங்கிச் சிவக்கும் முதற்கணம் கண்ணுக்குத் தப்பிவிடும். இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும். பித்தளையைத் தோய்த்தாலும் அது இளகியபடியே இருக்கும். இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கெடுப்போர் இன்றும் உண்டு.

பேரன் உற்சாகமாகி, மிஞ்சிய உறைகளை அடிமுதல் நுனிவரை சிவக்கக் காய்ச்சிவிடுவதாகச் சொன்னான். முதியவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். “அடியத் தொடாதே! கழுத்து மட்டும்தான் இளகணும். அடி இளகுச்சுன்னா உன் கண்ணு போயிடும்.”

உண்மைதான். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது உறையின் கெட்டியான அடிப்பகுதி. அது மெலிந்தால் வாயு பின்புறமாகச் சுடுபவன் முகத்தை நோக்கிப் பாயும். ஒரே உலோகம், ஐந்து சென்டிமீட்டர் நீளம், இரு முனைகளுக்கும் நேர்மாறான தேவைகள். வெப்பம் கழுத்தைத் தாண்டி இறங்காதபடி சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும். உறை செப்பனிடும் வேலையில் மிகக் கடினமான பகுதி இதுவே. எடை பார்ப்பதும் விளிம்பு சீவுவதும் பொறுமையுள்ள எவர்க்கும் கைவரும். நிறுத்த வேண்டிய கணம் அப்படி எளிதில் வருவதில்லை.

நெடி ஏறிய உறைகள் அத்தனையையும், பிளவு தெரியாதவற்றையும் சேர்த்து, நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போடச் சொன்னார். நானூறுக்கு மேல் இருக்கும் என்று பேரன் முனகினான். “எண்ணிப் போடு” என்றார் முதியவர். மறுவாரம் அழைத்தபோது அவர் முதலில் கேட்டது எண்ணிக்கையைத்தான்.