தீவுக்குப் போகாதவர்கள்

2025 ஜூன் மாதம் எங்கள் ஊர் திடீரென்று தீவாகிவிட்டது. ஊர்க்கார இளைஞர் ஒருவர் “ஏங்க...” என்று அழைத்து, தண்ணீரைக் காட்டி, கூமாப்பட்டி ஒரு தனித்தீவு என்று போட்ட இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. சென்னையில் என்னோடு ஹாஸ்டலில் இருக்கும் தோழிகள், “உங்க ஊருக்குப் படகுலதான் போகணுமாடி?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

படகெல்லாம் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஊருக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அணையில் தண்ணீர் இருந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் நெல் நடலாம். அதற்கும் மேலே 2021-இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம். வரைபடத்தில் எங்கு தேடினாலும் தீவு கிடைக்காது. நம்பி வந்தவர்கள் பலர், அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்து திரும்பிப் போனார்கள்.

நானும் அந்த ரீல்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. நான் பார்த்த காட்சிகளில் தண்ணீருக்குள் ஒரு பெண்கூட இல்லை.

எனக்கு அந்தத் தண்ணீரைத் தெரியும். பன்னிரண்டு வயதுவரை அண்ணனோடு கண்மாயில் குதித்தவள் நான். நீச்சலில் அவனை முந்துவேன். வயசுக்கு வந்த பிறகு, “இனிமே கரையோட நின்னுக்க” என்றார் அம்மாச்சி. அண்ணனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் இன்றும் லீவுக்கு வந்தால் நேரே தண்ணீருக்குத்தான் போகிறான். என் தீவு அன்றே மூழ்கிவிட்டது.

அந்த “ஏங்க” என்கிற சொல்லும் எனக்குப் புதிதல்ல. அப்பாவின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் அம்மா முப்பது வருடமாக அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரு இளைஞர் அந்தச் சொல்லைச் சொன்னதும் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. அம்மா கூப்பிட்டால் அப்பா ஒருவர் திரும்ப வேண்டும். அதற்கே மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கிறது.

இருக்கும் ஊரின்மேல் இல்லாத நாட்டைக் கற்பனை செய்வது எங்கள் பக்கத்துக்குப் பழக்கம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தன் ஊரையே ஆயர்பாடியாகவும், கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், தன்னையும் தோழியரையும் ஆய்ச்சியராகவும் பாவித்துத் திருப்பாவை பாடினாள் என்பது வைணவ மரபு. பக்தியை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடியும் முன்னே பெண்கள் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்பி, கூட்டமாக நீராடப் புறப்படுகிறார்கள்.

1905-இல் இன்னொரு பெண் இன்னொரு நாட்டைக் கற்பனை செய்தார். வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ கதை, நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் வெளிவந்தது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் தெருவில். சூரிய வெப்பத்தில் சமையல். மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறது பெண்கள் பல்கலைக்கழகம். அதனால் வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை. ஆண்களைப் பூட்டிவைக்கும் நாடு எனக்கு வேண்டாம். ஆனால் வெளியே வந்ததும் சுல்தானா கூசிக் கூசி நடக்கிறாளே, அந்த நடை எனக்குத் தெரியும்.

கற்பனை நாடு என்றால் ஆண்களுக்குப் பெரும்பாலும் புதையலும் போரும் வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு பெண்களும் கேட்டது தெருவும் தண்ணீரும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம், “பெரியாறு அணையை நீ எத்தன தடவ பாத்திருக்கம்மா?” என்று கேட்டேன்.

“கல்யாணமான புதுசுல ஒரு தடவ. பெறகு எங்க நேரம்?”

அந்த அணைத் தண்ணீர் பாயும் வயலில் முப்பது வருடம் குனிந்து நாற்று நட்ட பெண் அவர்.

மறுநாள் அதிகாலையில் அம்மாவை எழுப்பினேன். மதினியும் சேர்ந்துகொண்டார். அணைவரைக்கும் போகவில்லை; வயலுக்குப் போகும் வழியில் வாய்க்காலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். வேலைக்காக இல்லாமல் அவர் தண்ணீரில் நின்று நான் பார்த்ததில்லை. மதினி போனை எடுத்தார்.

“படம் புடிக்காத தாயி, உங்க மாமா பாத்தா வையும்” என்றார் அம்மா. ஆனால் மேலே ஏறவில்லை.

கிழக்கு வெளுத்து, டிராக்டர் சத்தம் கேட்டதும்தான் கிளம்பினோம். வழியில் அம்மா தானாகவே சொன்னார்: “அடுத்த தடவ வரும்போது கொஞ்சம் சீக்கிரமே எழுப்பு. அணை வரைக்கும் போயிட்டு வருவோம்.”